அச்சகத்தின் பழைய எக்ஸ்பி கணினி: ஃபார்மட் செய்யாமல் தமிழ்க் கோப்புகளை மீட்க வழி உண்டா?

வண்ணைவாசி:

அனைவருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் என் அப்பா நடத்திவந்த சிறிய அச்சகத்தின் கணினியைப் பற்றி உங்கள் ஆலோசனை வேண்டும். பென்டியம் 4 செயலி, இன்டெல் 845 சிப்செட் மதர்போர்டு, 256 எம்பி ரேம், 40 ஜிபி ஐடிஇ ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி, பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் 7 என்பது அதன் அமைப்பு. கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு விழா அழைப்பிதழ், ஆடி மாதக் கூழ் வார்த்தல் நோட்டீசு, துறைமுகத் தொழிலாளர்களுக்கான துண்டறிக்கை, கேரம் போட்டி அறிவிப்பு என இந்த வட்டாரத்துக்காக அப்பா தட்டச்சு செய்து வடிவமைத்த அனைத்தும் அதில்தான் உள்ளன. எங்கள் தெரு அம்மன் கோயிலின் பழைய விழா மலர்களும் அவற்றுள் அடக்கம். இப்போது உயிரோடு இல்லாத பெரியவர்கள் சொல்லச் சொல்ல அப்பா எழுதிக்கொண்ட கோயில் வரலாறும் கும்மிப் பாடல்களும் அந்த மலர்களில் இருக்கின்றன. அச்சிட்ட படி ஒன்றுகூட எங்களிடம் இல்லை.

அச்சகத்தை மூடிய பின் கணினி பல ஆண்டுகள் மாடி அறையில் கிடந்தது. சென்ற வாரம் இணைத்து இயக்கியபோது மின்விசிறி சுழன்றது. திரையில் ‘சிமாஸ் செக்சம் எரர்’ என்ற செய்தி வந்தது. எஃப்1 விசையை அழுத்தியதும் தேதி 2002 என்று காட்டியது. பிறகு கறுப்புத் திரையில் ‘என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்’ என்ற வரியோடு நின்றுவிட்டது. ஹார்ட் டிஸ்க் சுழலும் ஓசை கேட்கிறது. டக்டக் என்ற ஓசை இல்லை. அருகிலுள்ள ஒரு கடையில் காட்டியதற்கு, ஃபார்மட் செய்து விண்டோஸை மறுபடி நிறுவினால் சரியாகிவிடும் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை, எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கோப்புகளைக் கெடுக்காமல் மீட்க என்ன செய்ய வேண்டும்? மீட்டாலும் அவை இக்காலக் கணினியில் திறக்குமா?

ராயபுரத்தார்:

தம்பி, வணக்கம். இத்தகைய கணினிகளை நெடுங்காலமாகப் பழுதுபார்த்து வருபவன் என்பதால் உரிமையோடு சொல்கிறேன்: அந்தக் கணினியை இப்போதைக்கு இயக்க வேண்டாம், ஃபார்மட் என்ற பேச்சே வேண்டாம். ஃபார்மட் செய்து எக்ஸ்பியை நிறுவினால் கணினி ஓடும் என்பது உண்மைதான். ஆனால் உங்களுக்கு வேண்டியது கணினி ஓடுவதன்று, அதற்குள் இருக்கும் கோப்புகள். முதலில் கோப்புகள், அதன்பின் கணினி என்ற வரிசையை எக்காரணத்தாலும் மாற்றாதீர்கள்.

நீங்கள் கண்ட இரண்டு செய்திகளும் வெவ்வேறு கோளாறுகளைக் குறிக்கின்றன. முதலாவது சிறியது. மதர்போர்டில் சிஆர் 2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி ஒன்று இருக்கும். மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தையும், கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை நிரலான பயாஸின் அமைப்புகளையும் காப்பது அதுதான். அது தீர்ந்ததும் அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடுகின்றன, தேதியும் பழையதாகிவிடுகிறது. எந்த மின்கடையிலும் கிடைக்கும் புதிய பேட்டரியைப் போட்டு, பயாஸில் தேதியையும், எந்த டிரைவிலிருந்து முதலில் தொடங்குவது என்ற பூட் வரிசையையும் சரிசெய்தால் அந்தச் செய்தி போய்விடும்.

இரண்டாவது சற்றுக் கவனமாகப் பார்க்க வேண்டியது. என்டிஎல்டிஆர் என்பது எக்ஸ்பியை ஏற்றிவிடும் சிறிய கோப்பு. சி டிரைவின் தொடக்கத்திலேயே, என்டிடிடெக்ட், பூட் ஐஎன்ஐ ஆகியவற்றோடு சேர்ந்து இருக்கும். அது கிடைக்காதபோது மேற்கண்ட வரி தோன்றும். அது கிடைக்காததற்குக் காரணம் ஹார்ட் டிஸ்கின் பழுதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எக்ஸ்பியில் ஃபார்மட் செய்த வெற்றுப் பிளாப்பி டிரைவில் செருகியிருந்து, பூட் வரிசையில் பிளாப்பி முதலில் இருந்தாலும் இதே வரிதான் வரும். அச்சகங்களில் வாடிக்கையாளர்கள் பிளாப்பியில் கொண்டுவந்து தருவது வழக்கம் என்பதால், டிரைவில் ஏதேனும் தங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தக் கோப்போ, அது இருக்கும் இடமோ, அதைத் தேடி ஏற்றும் பூட் செக்டார் என்ற தொடக்கப் பகுதியோ கெட்டிருக்கக்கூடும்.

எக்ஸ்பி குறுந்தட்டிலிருந்து ரெக்கவரி கன்சோலுக்குச் சென்று அந்தக் கோப்பை மறுபடி எழுதலாம் என்று பலரும் சொல்வார்கள். அது சரியான வழிதான், ஆனால் அதற்கான நேரம் இதுவன்று. டிஸ்கில் படிக்க முடியாத பகுதிகள் இருந்தால், அதன்மேல் எதை எழுதினாலும், பிழைகளைச் சரிசெய்யும் செக் டிஸ்க் ஆணையைச் செலுத்தினாலும், மீட்கக்கூடியதாக இருந்த கோப்பு மீட்க முடியாததாகிவிடும். ஆகவே ஹார்ட் டிஸ்கைக் கழற்றி எடுத்து, வேறொரு கணினியில் இணைத்து, முழுமையான பிம்பம் ஒன்றை, அதாவது டிஸ்க் முழுவதையும் அப்படியே ஒரே கோப்பாகப் படியெடுத்து, வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றும்போதே மதர்போர்டையும் நன்றாகப் பாருங்கள். ஏறக்குறைய 1999 முதல் 2007 வரை வந்த பல போர்டுகளில் தரம் குறைந்த எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் இருந்தன. செயலியைச் சுற்றி நிற்கும் அவற்றின் தலை தட்டையாக இல்லாமல் உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறக் கசிவு தெரிந்தாலோ, அவற்றை மாற்றாமல் இயக்கக் கூடாது. மாற்றும்போது அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது சற்றுக் கூடுதல் வோல்ட், 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் வகை என்று கேட்டு வாங்குங்கள். கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புறம் 115, 230 என்று மாற்றும் சிவப்பு விசை இருந்தால் அது 230இல் இருக்க வேண்டும். மல்டிமீட்டர் இருந்தால் மஞ்சள் கம்பியில் 11.4 முதல் 12.6 வோல்ட் வரையிலும், சிவப்புக் கம்பியில் 4.75 முதல் 5.25 வோல்ட் வரையிலும் வருகிறதா என்று சோதியுங்கள். அதற்கு வெளியே போனால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிவிடுவதே நல்லது. அந்தப் பெட்டியைத் திறக்காதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் உள்ளே ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். நம் பகுதியின் உப்புக் காற்றில் ரேமின் பொன்னிறப் பற்கள் மங்கிப்போயிருக்கும். அவற்றைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துப் பொருத்துங்கள்.

ஒற்றியூர் மென்பொறியாளர்:

பெரியவர் சொன்னதை அப்படியே பின்பற்றுங்கள். பிம்பம் எடுக்கும் முறையை மட்டும் நான் எழுதுகிறேன்.

உங்களுக்குத் தேவையானது ஐடிஇ டிஸ்கை யுஎஸ்பியில் இணைக்கும் அடாப்டர். இந்த 3.5 அங்குல டிஸ்குக்கு 12 வோல்ட் மின்சாரம் வேண்டும்; அதை யுஎஸ்பி துளை தராது. எனவே தனி மின் அடாப்டரோடும் நான்கு முனைப் பவர் கேபிளோடும் வரும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் ஏறி அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால் ரிச்சி தெரு நடந்து போகும் தூரம்தான். பழைய ஐடிஇ கேபிள்களையும் அங்கே கேட்டுப் பாருங்கள். டிஸ்கின் பின்னால் உள்ள ஜம்பரை மாஸ்டர் நிலையில் வையுங்கள். எந்த நிலை எது என்பது டிஸ்கின் மேலுள்ள ஒட்டுத்தாளில் அச்சிடப்பட்டிருக்கும்.

டிஸ்கை விண்டோஸ் கணினியில் இணைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இணைத்த உடனே ‘ஸ்கேன் செய்து சரிசெய்யவா’ என்றோ ‘ஃபார்மட் செய்யவா’ என்றோ விண்டோஸ் கேட்கும். பதற்றத்தில் ஒருவர் ஆம் என்று அழுத்திவிட்டால் அதோடு முடிந்தது. பென் டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கி, டிஸ்கைத் தானாகத் திறந்து இணைக்கும் (மவுண்ட்) வசதியை நிறுத்திவிட்டு, குனு டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளைப் பயன்படுத்துங்கள். உபுண்டுவில் இது ஜிடிடிரெஸ்க்யூ என்ற பெயரில் கிடைக்கும். சாதாரணப் படியெடுப்பு, படிக்க முடியாத இடம் வந்ததும் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். இதுவோ அந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு தாண்டிச் சென்று, நல்ல பகுதிகளை முதலில் பத்திரப்படுத்திவிட்டு, பிறகு திரும்பி வந்து கெட்ட பகுதிகளை முயலும். எங்கே நின்றது என்பதை ஒரு மேப் கோப்பில் எழுதிக்கொள்வதால், இடையில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. எது மூலம், எது இலக்கு என்பதை டிஸ்கின் அளவைக் கொண்டு உறுதிசெய்யாமல் ஆணையைத் தொடங்காதீர்கள். 40 ஜிபி என்று காட்டுவதுதான் மூலம். பிம்பத்தைச் சேமிக்கும் இடம் எஃப்ஏடி32 வடிவத்தில் இருக்கக் கூடாது, ஏனென்றால் அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை வைக்க முடியாது. வேலை நடக்கும்போது டிஸ்கிலிருந்து டக்டக் என்ற ஓசை தொடங்கினால் உடனே நிறுத்திவிட்டு இங்கே எழுதுங்கள்.

வண்ணைவாசி:

ஐயா இருவருக்கும் நன்றி. பிளாப்பி டிரைவ் காலியாகத்தான் இருந்தது. கெப்பாசிட்டர்கள் எதுவும் உப்பவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் அளவுகளும் நீங்கள் சொன்ன எல்லைக்குள் வருகின்றன. புதிய பேட்டரியும் போட்டாயிற்று. டிடிரெஸ்க்யூ ஏறக்குறைய முழு டிஸ்கையும் படித்துவிட்டது. சில சிறு பகுதிகளை மட்டும் எத்தனை முறை முயன்றும் படிக்க முடியவில்லை. பிம்பத்தை எழுத இயலாத நிலையில் திறந்து பார்த்தபோது, அந்த என்டிஎல்டிஆர் கோப்பு கெட்ட பகுதியில்தான் இருக்கிறது என்று தெரிந்தது. அப்பாவின் கோப்புறைகள் யாவும் திறக்கின்றன. விழா மலர்களின் பேஜ்மேக்கர் கோப்புகளும் உள்ளன. அப்பாவிடம் பெயர்ப் பட்டியலைப் படித்துக் காட்டினேன். ஒவ்வொன்றும் எந்த ஆண்டு மலர் என்று அவரே சொன்னார்.

இப்போது வேறு சிக்கல். பேஜ்மேக்கர் கோப்புகள் என் மடிக்கணினியில் திறக்கவே இல்லை. உடன் இருந்த சில வேர்டு கோப்புகள் திறக்கின்றன, ஆனால் தமிழுக்குப் பதிலாக மேலே கோடும் புள்ளியும் இட்ட ரோமன் எழுத்துகள் வரிசையாக வருகின்றன. கோப்புகள் கெட்டுவிட்டனவா? இன்னொன்று: கணினியின் பின்புறம் பிரிண்டர் செருகும் துளையில் தீப்பெட்டி அளவுள்ள ஒரு சிறு பெட்டி இருக்கிறது. அதைக் கழற்றக் கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்கிறார்.

பெரம்பூர் டிடிபி:

தம்பி, கோப்புகள் கெடவில்லை, கவலைப்படாதீர்கள். பெரம்பூரில் நானும் இதே பேஜ்மேக்கரில்தான் இத்தொழிலைக் கற்றேன் என்பதால், உங்கள் திரையில் என்ன தெரிகிறது என்பதை என்னால் பார்க்காமலே சொல்ல முடியும்.

அக்காலத் தமிழ் எழுத்துருக்கள் 256 இடங்களுக்குள் அடங்கியவை. பெரும்பாலானவை ஐரோப்பிய மொழிகளின் எழுத்துகளுக்கென இருந்த மேற்பாதி இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தன. பாமினி போன்றவை ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை வைத்தன. கோப்பில் பதிந்திருப்பது எண்கள் மட்டுமே. அந்த எண்ணுக்குத் தமிழ் வடிவம் தருவது எழுத்துரு என்பதால், எழுத்துரு இல்லாத கணினியில் அந்த ரோமன் எழுத்துகள்தாம் தெரியும். ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வரிசை அமைத்ததால் நேர்ந்த குழப்பத்தைத் தீர்க்கத்தான், 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற இரு குறியாக்கங்களையும் தமிழ் 99 விசைப்பலகையையும் தமிழக அரசு தரப்படுத்தியது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோடில் 1991 முதலே தமிழுக்கு இடம் இருந்தது. விண்டோஸ் 2000இல் லதா எழுத்துருவோடு தமிழ் யூனிகோடு வந்தும்விட்டது. ஆனால் பேஜ்மேக்கர் 7க்கு யூனிகோடு தெரியாது. ஆகவே அச்சகங்கள் பழைய எழுத்துருக்களை விட்டு நகரவே முடியவில்லை. உங்கள் அப்பாவும் அப்படித்தான் இருந்திருப்பார்.

எனவே பிம்பத்திலிருந்து கோப்புகளோடு எழுத்துருக்களையும் கட்டாயம் எடுத்து வையுங்கள். விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் கோப்புறை முழுவதும் வேண்டும். சி டிரைவில் பிஎஸ்ஃபாண்ட்ஸ் என்று ஒன்று இருந்தால் அதையும் எடுங்கள். டைப் 1 வகை எழுத்துருக்கள் அதில் இருக்கும். எழுத்துரு தொலைந்தால் கோப்பு இருந்தும் பயனில்லை.

பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பே 7தான். அதுவும் 2001இல் வந்தது. இந்தக் கோப்புகளைத் திறக்க மிக நம்பகமான இடம் உங்கள் அப்பாவின் அதே கணினிதான், ஏனென்றால் மென்பொருள், எழுத்துரு, படங்களின் இருப்பிடம் எல்லாம் அங்கே அவர் வைத்தபடியே இருக்கின்றன. அதை ஓடச் செய்ய முடியாவிட்டால் மட்டும், விர்ச்சுவல்பாக்ஸில் எக்ஸ்பியை நிறுவி அதற்குள் பேஜ்மேக்கரைப் போடுங்கள். கோப்பைத் திறக்கும்போது எழுத்துரு கிடைக்கவில்லை என்று பேனோஸ் பட்டியல் ஒன்று வந்தால், அது காட்டும் மாற்று எழுத்துருவை நிரந்தரமாக ஏற்றுச் சேமித்துவிடாதீர்கள். மூடிவிட்டு, உரிய எழுத்துருவை நிறுவியபின் திறவுங்கள்.

திறந்ததும் முதல் வேலை பிடிஎஃப். பேஜ்மேக்கர் 7உடன் டிஸ்டில்லர் சேர்ந்தே வந்தது. அதில் எல்லா எழுத்துருக்களையும் உட்பொதிக்கும்படி அமைத்து, ஒவ்வொரு மலரையும் பிடிஎஃப் ஆக்குங்கள். பக்க அமைப்பும் ஓரச் சித்திரங்களும் அப்பா அமைத்த வண்ணமே நிலைத்துவிடும், எந்தக் கணினியிலும் அச்சிடலாம்.

தேடவும் திருத்தவும் கூடிய உரை வேண்டுமென்றால் அடுத்த வேலை மாற்றம். பேஜ்மேக்கரிலிருந்து எழுத்துப் பகுதிகளை உரைக் கோப்பாக ஏற்றுமதி செய்து, என்எச்எம் கன்வர்ட்டரில் கொடுத்தால் டாம், டாப், திஸ்கி, பாமினி, வானவில் முதலிய குறியாக்கங்களை யூனிகோடாக மாற்றித் தரும். பழைய எழுத்துருவில் ‘கொ’ என்பது கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகளாக, கண்ணுக்குத் தெரியும் வரிசையில் பதிந்திருக்கும். கன்வர்ட்டர் அவற்றை ஒரே உயிர்மெய்யாகச் சேர்க்கும். ஆனால் கால் இருக்க வேண்டிய இடத்தில் ரகரத்தைத் தட்டச்சு செய்திருந்தால் அதைக் கன்வர்ட்டரால் கண்டுபிடிக்க முடியாது. இடையில் வரும் ஆங்கிலச் சொற்களும் பாமினி வகையில் உருக்குலைந்து வரும். பிடிஎஃப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாக மெய்ப்புப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. பெரியவர்களின் வாய்மொழி என்கிறீர்கள். அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். பாடல்களில் எது பிழை, எது வட்டார வழக்கு என்று அவருக்குத்தான் தெரியும்.

அந்தச் சிறு பெட்டியை ‘லாக்’ என்போம். தமிழ் மென்பொருள்களின் உரிமத்தை உறுதிசெய்ய அக்காலத்தில் பிரிண்டர் துளையில் செருகித் தந்தார்கள். அது இல்லாவிட்டால் அந்த மென்பொருளின் விசைப்பலகை இயங்காது. எழுத்துருக்கள் நிறுவப்பட்டிருந்தால் ஏற்கெனவே தட்டச்சு செய்ததைப் பார்க்கவும் அச்சிடவும் பெரும்பாலும் தடையிராது. அப்பா சொன்னபடி அதை அங்கேயே இருக்க விடுங்கள்.

ராயபுரத்தார்:

பெரம்பூர் அம்மா சொன்னது மிகச் சரி. அந்தக் கணினியையே ஓடச் செய்துவிடலாம். பழைய டிஸ்கில் கெட்ட பகுதிகள் தோன்றிவிட்டதால் அதை இனிப் பயன்படுத்தாமல், பெயரெழுதி உறையில் போட்டு ஈரம் படாத இடத்தில் வையுங்கள். அதற்குப் பதிலாக 120 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்றையும், அதை ஐடிஇ கேபிளில் பொருத்தும் கன்வர்ட்டர் ஒன்றையும் வாங்குங்கள். 120க்கு மேல் போகாதீர்கள் என்பதற்குக் காரணம் உண்டு: சர்வீஸ் பேக் 1 போடாத எக்ஸ்பியால் 137 ஜிபிக்கு மேல் பார்க்க முடியாது, சில பழைய பயாஸ்களுக்கும் அதே எல்லைதான். கன்வர்ட்டர் வழியே இணைத்தால் எக்ஸ்பி அதை ஐடிஇ டிஸ்காகவே கருதும் என்பதால், நிறுவும்போது எஃப்6 அழுத்திப் பிளாப்பியில் டிரைவர் தரும் தொல்லையும் நீலத்திரையும் இல்லை.

எடுத்த பிம்பத்தின் படி ஒன்றை வேறொரு டிஸ்கிலும் வைத்துவிட்டு, பிம்பத்தை எஸ்எஸ்டியில் எழுதுங்கள். பிறகு எக்ஸ்பி குறுந்தட்டிலிருந்து தொடங்கி, முதல் திரையில் ஆர் விசையை அழுத்தி ரெக்கவரி கன்சோலுக்குள் செல்லுங்கள். என்டர் விசையை அழுத்தினால் புதிதாக நிறுவும் வழிக்குப் போய்விடும், எச்சரிக்கை. குறுந்தட்டின் ஐ386 கோப்புறையிலுள்ள என்டிஎல்டிஆர், என்டிடிடெக்ட் ஆகிய இரண்டையும் சி டிரைவுக்குப் படியெடுத்தால் போதும். அப்படியும் அதே வரி வந்தால் மட்டும் பூட் செக்டாரை மறுபடி எழுதும் ஃபிக்ஸ்பூட் ஆணையைக் கொடுங்கள். இப்போது நாம் எழுதுவது படியின்மேல்தான் என்பதால், ஏதேனும் தவறினாலும் பிம்பத்தை மறுபடி எழுதித் தொடங்கலாம்.

ஓடத் தொடங்கியபின் இணையக் கேபிளை மட்டும் செருகாதீர்கள். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. மடிக்கணினியோடு கோப்புறையைப் பகிர முயன்றாலும் நடக்காது, ஏனென்றால் எக்ஸ்பிக்குத் தெரிந்த எஸ்எம்பி 1 என்ற கோப்புப் பகிர்வு முறையைப் புதிய விண்டோஸ் பதிப்புகள் நிறுத்தி வைத்திருக்கின்றன. 2017இல் வான்னாக்ரை என்ற தீநிரல் பரவியது அந்த வழியாகத்தான் என்பதால் அதைத் திறந்துவிடவும் வேண்டாம். பிடிஎஃப்களைப் பென் டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். பென் டிரைவை மடிக்கணினியில் எஃப்ஏடி32 வடிவத்தில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். எக்ஸ்ஃபேட் வடிவத்தைத் தனியே புதுப்பிப்புப் போடாத எக்ஸ்பி அடையாளம் காணாது.